பதினைந்து மாத்திரை குறைகிறது

போன தை மாதம் ஒரு நாள் காலை. இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஆத்தா, அதாவது எங்கள் அம்மா, மாத்திரைக்குக் கையை நீட்டினார். டப்பாவைத் திறந்தால் சுகர் மாத்திரை இல்லை. 45 நாளைக்கு என்று வாங்கி வந்தது. காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். அன்றைக்கு 31-ஆம் நாள்.

தினம் ஒன்றுதான். காலையில் மட்டும். கிளிமிபிரைடு 1 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500-உம் சேர்ந்த மாத்திரை. 30 நாளைக்கு 30 போயிருக்க வேண்டும், மிச்சம் 15 இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

முதலில் எனக்குத் தோன்றியது ஆத்தாதான். 79 வயது. அதற்கு முந்தின வருஷம் பிரஷர் மாத்திரையைக் காலையில் ஒரு தடவை போட்டுவிட்டு, போட்டதை மறந்து பதினோரு மணிக்கு இன்னொரு தடவை போட்டவர். அதே மாதிரி இதையும் இரண்டு இரண்டாகப் போட்டிருந்தால்? பதினைந்து நாள் அப்படி நடந்திருந்தால் கணக்கு சரியாக வருகிறது. அதுதான் பயம். மெஷினை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன், 142 காட்டியது. டாக்டருக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மாத்திரை உள்ள போயிருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. முப்பதா, நாற்பத்தைந்தா, இரண்டுக்கும் நடுவில் ஏதாவதா?

"அடியே, திங்காத மாத்திரைக்கு என்னைய எதுக்குக் கணக்குக் கேக்குறே?" என்றார் ஆத்தா. கோபத்தில் இட்லியும் பாதியில் நின்றது.

சரி, விழுந்திருக்கலாம் என்று வளவு முழுக்கத் தேடினேன். எங்கள் வீட்டுத் தரையில் மாத்திரை விழுந்தால் அதோடு சரி. ஆத்தங்குடிக் கல். சிவப்பிலும் பச்சையிலும் பூ, பூவுக்குள் பூ. அதில் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை கிடந்தால் அதுவும் ஒரு இதழ் மாதிரித்தான் தெரியும். மண்டிபோட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து அடித்தேன். ஊஞ்சலுக்கு அடியில் ஒன்றுமில்லை. தேக்குத் தூணின் கல் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மாத்திரை கிடைத்தது. பிரஷர் மாத்திரை. எந்தக் காலத்தில் விழுந்ததோ, ஒரு பக்கம் எறும்பு அரித்திருந்தது. அப்படியானால் என்றைக்கோ ஒரு நாள் ஆத்தா பிரஷர் மாத்திரை போடாமலேயே இருந்திருக்கிறார், யாருக்கும் தெரியாது.

அடுத்துச் செய்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. வீட்டில் துணைக்கு ஒரு பெண் இருக்கிறாள். பகலில் நான் காரைக்குடிக்கு வேலைக்குப் போய்விடுவதால் ஆத்தாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவளைக் கூப்பிட்டு, "மாத்திரையை எங்க வச்சே?" என்று கேட்டேன். என்ன தொனியில் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

"நான் பெரியாச்சிக்கு எடுத்துக் குடுக்குறது மட்டுந்தான் ஆச்சி," என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். மத்தியானம் வரைக்கும் பாத்திரம் வைக்கிற சத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது.

விடை கிடைத்தது ஒரு மங்குக் கிண்ணத்தில். ஆத்தா எதையும் தூக்கி எறிய மாட்டார். பிஸ்கட் டப்பா, நூல்கண்டுக் கட்டை, ஜவுளிக்கடைப் பை எல்லாம் இரண்டாம் கட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. காலி மாத்திரை அட்டையையும் எறிவதில்லை. "வெள்ளி மாதிரி மின்னுது, எறிய மனசு வல்லே" என்பார். விளிம்பு உதிர்ந்த பழைய மங்குக் கிண்ணம் ஒன்றில் அத்தனையும் கிடந்தன. கொட்டி, பெயர் பார்த்துப் பிரித்தேன். சுகர் மாத்திரை அட்டை கடைசியாக வாங்கியது மூன்று. அட்டைக்கு இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. பத்து. மூன்று பத்து முப்பது.

அதற்கு முந்தின தடவை வாங்கிய அட்டையும் அதே கிண்ணத்தில் இருந்தது. அதே பெயர், அதே கம்பெனி. ஆனால் மூன்று வரிசை. பதினைந்து குழி.

பில்லைத் தேடி எடுத்தேன். எண்ணிக்கை 45 என்று அடித்திருந்தது. ஒரே மாத்திரை பத்து அடங்கிய அட்டையாகவும் வருகிறது, பதினைந்து அடங்கிய அட்டையாகவும் வருகிறது. கடைக் கம்ப்யூட்டரில் அட்டைக்குப் பதினைந்து என்று ஏறியிருக்கிறது. கவுண்ட்டரில் நிற்கும் பையன் மூன்று அட்டை என்று பார்த்து மூன்று அட்டை எடுத்திருக்கிறான். அவன் கை தொட்டது பத்து மாத்திரை அடங்கிய அட்டை. காலி அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த விலை 84 ரூபாய். பில்லில் அட்டைக்கு 126 போட்டிருந்தார்கள். நான் ஆடிட்டர் ஆபீசில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள். ஊரான் பில்லையெல்லாம் வரி வரியாகப் பார்க்கிறேன், என் கைக்கு வந்த பில்லை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஆத்தா ஒரு மாத்திரைகூட அதிகமாகப் போடவில்லை. அந்தப் பெண்ணும் ஒன்றும் தொலைக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். கடை எது என்று எழுதப்போவதில்லை. இரவு பதினோரு மணிக்கு போன் போட்டாலும் ஷட்டரைத் தூக்கி மருந்து எடுத்துக் கொடுக்கிற மனுஷர். அப்பச்சி, எங்கள் அப்பா, கடைசி நாளில் இருந்தபோது ஆக்சிஜன் சிலிண்டருக்கு அவர்தான் அலைந்தார். பில்லையும் காலி அட்டையையும் கவுண்ட்டரில் வைத்தேன். "அட, கம்ப்யூட்டர்ல அப்படி ஏறிப்போச்சு ஆச்சி," என்று சிரித்துக்கொண்டே பதினைந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். 126 ரூபாய்க்காக வந்திருக்கிறேன் என்று நினைத்தார் போல. பணத்துக்கு வரவில்லை, எண்ணிக்கை தப்பினால் ஆத்தா உடம்புக்குள் என்ன போனது என்று யாருக்கும் சொல்ல முடியாமல் போகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஏழு மணிக்குப் பள்ளத்தூர் பஸ். பாதியில் விட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண்ணிடம், "தப்பு கடையில," என்றேன். "அதான் எனக்குத் தெரியுமே ஆச்சி," என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூன் கடையில் பெட்டியடிப் பையனாக, கடைசிப் படி எடுபிடியாக ஆரம்பித்து, மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். நாள்வழியில், அதாவது தினக் கணக்கில் எழுதியது பேரேட்டில் ஏறி, பேரேடு ஐந்தொகை என்னும் மொத்தக் கணக்கில் பொருந்தும்வரை ராத்திரி சாப்பாடு கிடையாதாம். காலணா உதைத்தாலும் விடிய விடிய உட்கார வேண்டும். காலணாவுக்கா இத்தனை பாடு என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "காலணா குறைஞ்சா அது எங்கேயோ கூடியிருக்குன்னு அர்த்தம். எங்கேன்னு தெரியணுமில்ல," என்பார் ஐயா.

அவர் பேத்தி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மாத்திரைக்கு ஒரு பக்கம். வரவு, செலவு, இருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்து எண்ணுவேன். எழுதின இருப்பும் கையிருப்பும் ஒத்துப்போனால் டிக். ஐந்து நிமிஷ வேலை. கோலாலம்பூரில் இருக்கும் தம்பி இதைக் கேட்டுச் சிரித்தான். "ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடலாமே," என்றான். ஆன்லைனிலும் எடுத்து வைப்பது யாரோ ஒரு பையனுடைய கைதானே என்றேன். அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

கடையிலும் என் நடைமுறை மாறிவிட்டது. வாங்கிப் பையில் போடுகிற வழக்கம் போயிற்று. கவுண்ட்டரிலேயே சீட்டு, பில், அட்டை மூன்றையும் பக்கம் பக்கமாக வைப்பேன். பெயரை மட்டும் பார்த்தால் போதாது, பெயரின் வால்தான் முக்கியம். நம் ஊரில் ஒரே மருந்துப் பெயருக்குப் பின்னால் எச், ஏஎம், ஏடி, எம் 1, எம் 2, எஸ்ஆர் என்று என்னென்னவோ ஒட்டிக்கொண்டு வரும். பிரஷருக்கான டெல்மிசார்டன் 40 ஒன்று. அதே 40-க்குப் பின்னால் எச் வந்தால் கூடவே நீர் பிரியும் மருந்து சேர்ந்திருக்கிறது, ஏஎம் வந்தால் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்திருக்கிறது. அட்டையின் நிறமும் எழுத்தும் அநேகமாக ஒன்று போலவே இருக்கும். அப்புறம் பேட்ச் நம்பர். பில்லில் ஒவ்வொரு மருந்துக்கும் நேராகப் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அடித்திருக்கும். அதே நம்பர் அட்டையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். யாரும் பார்க்காத இடம் அது. பில்லில் ஒரு பேட்ச், அட்டையில் வேறு பேட்ச் என்றால், கம்ப்யூட்டர் ஒன்றை விற்றிருக்கிறது, கை வேறொன்றை எடுத்திருக்கிறது.

பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ஆச்சி, ஐந்தொகை கட்டி முடிஞ்சுதா?" என்று ஒருவர் ஒரு நாள் கேட்டேவிட்டார். முடியவில்லை, இன்னும் இரண்டு மாத்திரை இருக்கிறது என்றேன்.

இந்த வழக்கத்தால் முதலில் தப்பித்தது என் அயித்தை. கோட்டையூரில் இருக்கிறார். முடக்குவாதம், கைவிரல் மடங்காது. அதற்கு டாக்டர் எழுதியது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை அது. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து, வாயெல்லாம் புண்ணாகி, உயிருக்கே வந்துவிடும். மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட் போடச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை. கடையில் இரண்டையும் தனித்தனிக் காகிதக் கவரில் போட்டு, காலை மதியம் இரவு என்று அச்சிட்ட இடத்தில் பேனாவால் டிக் அடித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு கவரிலும் காலையில் ஒரு டிக். எல்லாக் கவரிலும் அடிக்கிற அதே டிக். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம் அச்சடித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு கட்டம் தேவைப்படும் என்று தோன்றியிருக்காது.

நான் அன்றைக்கு யதேச்சையாகத்தான் போயிருந்தேன். கவரை வாங்கிப் பார்த்துவிட்டு, சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சீட்டில் வாரம் ஒரு முறை என்று தெளிவாக எழுதியிருந்தது. கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு, வாராந்திர மாத்திரையை ஒரு பழைய ஜவ்வாதுச் சிமிழில் போட்டு, மேலே "ஞாயிறு மட்டும்" என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிச் சாமி அலமாரியில் வைத்தேன். மற்ற மாத்திரைகளோடு அது இருக்கவே கூடாது. அயித்தை இப்போது அதை "ஞாயித்துக்கெழம மாத்திர" என்றுதான் சொல்கிறார்.

டாக்டர்கள் கையெழுத்தைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி 2016-லேயே மருத்துவக் கவுன்சில் அறிவித்தது. இங்கே வருகிற சீட்டுகளைப் பார்த்தால் அந்த அறிவிப்பையும் யாரோ கிறுக்கித்தான் அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் கிறுக்கி எழுதினால் ஒன்றுதான். ஒன்று சுகருக்கு, இன்னொன்று வயிற்றுக் கிருமிக்கும் பல் சீழுக்கும். அதனால் டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்கும் முன்பே, எது எதற்கு என்று கேட்டு, சீட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். "சுகர்", "கால் எரிச்சல்", "ராத்திரி மட்டும்". அவருக்கு அது பிடிப்பதில்லை என்பது முகத்தில் தெரிகிறது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

"அதே மருந்துதான் ஆச்சி, கம்பெனி மட்டும் வேற" என்பதும் அடிக்கடி வரும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஷெட்யூல் எச் மருந்துகளில், அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளில், சீட்டில் எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கடைக்காரர் தாமாக மாற்றிக் கொடுக்க 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளிலேயே இடமில்லை. நான் சண்டை போடுவதில்லை. கடையில் நின்றபடியே டாக்டரின் கம்பவுண்டருக்கு போன் போட்டு, சரி என்று அவர் கேட்டுச் சொன்னால் வாங்குவேன். நிறம் மாறினால் ஆத்தா குழம்புவார். வெள்ளை என்றால் பிரஷர், இளஞ்சிவப்பு என்றால் சுகர், அவருக்கு அதுதான் சீட்டு.

வெட்டிக் கொடுக்கும் அட்டை இன்னொரு தொல்லை. ஏழு மாத்திரை கேட்டால் கத்தரியால் வெட்டித் தருவார்கள். காலாவதித் தேதியும் பேட்ச் நம்பரும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அந்த ஓரம் கடையிலேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது பெயரும் பாதி, தேதியும் இல்லாத ஒரு துண்டு. அதனால் வெட்டும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தடவை கால்சியம் அட்டையில் ஒரு குழி காலியாகவே ஒட்டி வந்தது. கம்பெனியிலேயே அப்படி. கடைக்காரரிடம் காட்டினேன், மறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டு, ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பப் பேட்ச் நம்பரைக் குறித்துக்கொண்டார். மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சொல்வதற்கு மத்திய அரசின் இலவச எண் ஒன்றும் இருக்கிறது, 1800-180-3024. என் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறேன்.

இத்தனையும் செய்துகொண்டிருந்தவள்தான் ஆடி மாதம் கோட்டை விட்டேன்.

அந்த வாரம் ஆபீசில் ரிட்டர்ன் தாக்கல் நெருக்கடி. நான் போகவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் காரைக்குடிக்குப் போகிறான் என்று சீட்டைக் கொடுத்துவிட்டேன். வாங்கி வந்தான். அட்டையை எண்ணினேன். மூன்று அட்டை, மூன்று வரிசை, 45. நோட்டில் வரவு எழுதினேன். எண்ணிக்கை சரியாக இருந்ததில் மனசு நிறைந்துவிட்டது. வாலைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் ஆடிக் கார்த்திகை. ஆத்தா விரதம். வேண்டாம் என்று எத்தனையோ வருஷமாகச் சொல்கிறோம், முருகன் விஷயத்தில் யார் பேச்சும் எடுபடாது. காலையில் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும்தான். அதோடு மாத்திரை. பதினொன்றரைக்கு அந்தப் பெண் போன் போட்டாள். "பெரியாச்சிக்கு வேத்து ஊத்துது ஆச்சி. பேச்சு ஒரு மாதிரியா இருக்கு. கை நடுங்குது. மெஷின்ல அம்பத்தி நாலு காட்டுது."

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54 என்றால் விளையாட்டில்லை. "மூணு ஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் குடு. முழுங்குறாங்களான்னு பாத்து, கொஞ்சம் கொஞ்சமாக் குடு. கால் மணி நேரத்துல திரும்பப் பாரு," என்று சொல்லிக்கொண்டே நான் ஆட்டோ பிடித்தேன். ஆனால் நான் சொல்வதற்கு முன்பே அவள் கரைத்துவிட்டாள். நான் முன்பு எப்போதோ ஒரு தடவை சொல்லிக் கொடுத்தது. கால் மணி நேரத்தில் 76. அப்புறம் ரசஞ்சாதம் ஊட்டியிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆத்தா ஊஞ்சலில் சாய்ந்திருந்தார், புடவை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. விரதத்தைக் கெடுத்துவிட்டாள் என்று அந்தப் பெண்ணை வைதுகொண்டிருந்தார். வைகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதில் எனக்கு உயிர் வந்தது.

டாக்டர், இந்த மாத்திரையால் இறங்கின சுகர் ஏறினாலும் மறுபடி இறங்கும், மறுநாள் காலை வரை விடாமல் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். அப்புறம், "மாத்திரையோட படத்தை அனுப்புங்க," என்றார். படம் எடுக்க அட்டையைத் திருப்பினேன். எம் 2.

கிளிமிபிரைடு 1-க்குப் பதில் 2. ஐந்து நாளாக இரண்டு மடங்கு. நாலு நாள் வயிறு நிறையச் சாப்பிட்டதால் தெரியவில்லை. ஐந்தாம் நாள் விரதம் காட்டிக்கொடுத்துவிட்டது. பில்லில் எம் 1 என்றுதான் இருந்தது. பேட்ச் நம்பர் வேறு.

ராத்திரி முழுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்தோம். ஒரு தடவை நான், ஒரு தடவை அந்தப் பெண். காலையில் 128. முதல் பஸ்ஸில் கிளம்பினேன். வழியெல்லாம் என்னென்ன பேசுவது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். புகார் எழுதிக் கொடுப்பது, மருந்து ஆய்வாளர், நுகர்வோர் உதவி எண் 1915, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கோட்டையூர் தாண்டும்போது அப்பச்சிக்கு ஆக்சிஜன் கொண்டுவந்த ராத்திரியும் வந்து நின்றது.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. அவர் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். அட்டையையும் பில்லையும் வைத்தேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆத்தா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கவுண்ட்டர் பையன் சுவரைப் பார்த்து நின்றான். அவனுக்குப் பதினெட்டு பத்தொன்பது வயசுதான் இருக்கும். ஐயா ரங்கூனுக்குப் போனபோது இவனைவிடச் சின்னவர். அங்கே பெட்டியடிப் பையன் கையில் பேரேட்டைக் கொடுக்கப் பல வருஷம் ஆகும். இங்கே சேர்ந்த வாரமே சீட்டைப் பார்த்து மருந்து எடுக்க விடுகிறார்கள். பார்மசிஸ்ட் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படித்தான். சாயங்காலக் கூட்டத்தில் அந்தக் கடையில் யார் எதைச் சரிபார்த்தார்கள்?

திட்டத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஸ்டாக் எடுங்க," என்றேன்.

"என்ன ஆச்சி?"

"எம் ஒண்ணுல கம்ப்யூட்டர் எத்தனை காட்டுது, அலமாரியில எத்தனை இருக்கு? எம் ரெண்டுல எத்தனை? எனக்கு மூணு மாறியிருக்கு. அப்ப அங்க மூணு கூட இருக்கணும், இங்க மூணு குறையணும்."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். எம் 1 இருப்பு 12 அட்டை. பையன் எண்ணிவிட்டு 17 என்றான். இன்னொரு தடவை எண்ணச் சொன்னோம். 17. எம் 2 இருப்பு 9. அலமாரியில் 4.

ஐந்து கூட. ஐந்து குறைவு. என் பையில் மூன்றுதான்.

அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் அந்த வாரத்துப் பில்களை ஏற்ற ஆரம்பித்தார். எம் 1 வாங்கினவர்கள் எங்களைத் தவிர நாலு பேர். மூன்று பேர் பில்லில் போன் நம்பர் இருந்தது. நான்காவது ஆளுக்குப் பெயர் மட்டும், ஊர் கூட இல்லை. பையன், "அவரு கண்டனூர்க்காரரு, சைக்கிள்ல வருவாரு, எனக்கு வீடு தெரியும்," என்றான். அதுவரை சுவரைப் பார்த்து நின்றவன் வாயைத் திறந்த முதல் பேச்சு அது. அவர் பைக் சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

முதல் போன் எடுக்கவில்லை. இரண்டாவது வீட்டில் ஒரு மருமகள் எடுத்து, பார்த்து, எம் 1 என்றே சொன்னார். மூன்றாவது எண்ணுக்கு ரொம்ப நேரம் மணி அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பெரியவர் குரல். யார், எந்தக் கடை என்று நாலு தடவை சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருந்தது.

"ஐயா, உங்க சுகர் மாத்திரை அட்டையை எடுங்க. பேருக்குப் பின்னாடி எம் ஒண்ணு போட்டிருக்கா, எம் ரெண்டு போட்டிருக்கா?"

"எழுத்து பொடிசா இருக்கேப்பா," என்றார் அவர். "கண்ணாடி உள்ள இருக்கு. எடுத்துட்டு வர்றேன், வச்சுறாதீக."

செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து தூரப் போனது. நாங்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.